இருக்கை சுமப்பவன்

அவர் அமர்வார். நான் சுமப்பேன்.
இருபது மழைக்காலமாய் ஏற்பாடு இதுதான்.

ஒரே அடிமரத்தில் குடைந்தது,
ஒட்டோ ஆணியோ கிடையாது.
கவிழ்த்துத் தலையில் வைத்தால்
மூன்று கால்களும் வானத்தைப் பார்க்கும்.
சாய்மானம் என் முதுகோடு இறங்கும்.
அதன் வெளிப்புறத்தில் செதுக்கிய பெண்
தலைகீழாய்த் தொங்கியபடி
வந்த வழியையே பார்த்துக்கொண்டு வருவாள்.

யாரென்று கேட்டால்
குலத்தின் முதல் தாய் என்பார்கள்.
சிலர், மரத்துக்குள் முன்பே இருந்தவள் என்பார்கள்.

தலைவர் மிஹம்போ அவளைப் பார்த்ததில்லை.
சாய்ந்திருக்கிறார், அவ்வளவே.
முகம் ஊருக்கு, முதுகு அவளுக்கு.
பின்னால் நிற்பவன் நான் என்பதால்
எத்தனையோ தீர்ப்புகளை
அவள் முகத்தைப் பார்த்தபடிதான் கேட்டிருக்கிறேன்.

இகோம்பே ஆற்றங்கரையில் அன்று ஒரு வழக்கு.
கணவன் செத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை,
குதிர்ச் சோளத்தை அள்ளிப்போனான் கொழுந்தன் லுஹெண்டே.
அவன் நெடுநேரம் பேசினான்.
பேச்சில் முன்னோர் ஏழு பேர் வந்தார்கள்,
மண்வெட்டி ஒருமுறையும் வரவில்லை.

நியான்சாலாவின் முறை.
எழுந்தாள். தலைவரைத் தாண்டினாள்.
சுற்றி வந்து
எனக்கும் மரப்பெண்ணுக்கும் நடுவே மண்டியிட்டாள்.
"கொத்தினது நான்" என்று தொடங்கினாள்,
குரல் உயர்த்தாமல்,
அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல.

முதுகுக்குப் பின்னால் பேசுவது எங்களிடம் குற்றம்.
ஆனால்
முதுகுக்குப் பின்னால் இருப்பவளிடம் பேசுவது?

கூட்டத்தில் ஓர் இருமலும் இல்லை.
தலைவர் கழுத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.
மரம் திரும்பாது.
யாரிடம் பேசுகிறாள் என்று பார்க்க வேண்டுமானால்
எழ வேண்டும்.

எழுந்தார்.

எழுந்தவர் தலைவரில்லை, அது விதி.
மிஹம்போ என்றொரு மனிதர்,
முழங்கால் வலியோடு,
சுற்றி வந்து அவளைப் பார்த்தார்.
"மூக்கு உடைந்திருக்கிறதே" என்றார்.
"பதினொரு வருடமாச்சு" என்றேன்.
(நான் போட்டதுதான். அதைச் சொல்லவில்லை.)

மறுபடி அமர்ந்தவர் சாயவில்லை.
நுனியில் குந்தியபடி
பாதிக் குதிர் அவளுக்கு என்றார்.
பாதிதான்.
நியான்சாலா நன்றி சொன்னாளா, எனக்குக் கேட்கவில்லை.
இருக்கையைத் தூக்கும்போது
மரத்தின் கன்னத்தில்
புதிதாய் ஒரு கைவிரல் எண்ணெய்.

திரும்பும் வழியில் மழை.
எல்லாரும் மரத்தடிக்கு ஓடினார்கள், தலைவரும்.
எனக்கு இருக்கையே கூரை.
கால்களில் விழுந்த மழை
அவள் உடல் நெடுக வழிந்து
உடைந்த மூக்கிலிருந்து
என் குதிகாலுக்குப் பின்னால் சொட்டிக்கொண்டே வந்தது,
ஊர் வரும்வரை.