சோதனை இலக்கம்

ஷல்கார் நிலையத்தில் மைனஸ் முப்பத்தொன்று.
அச்சு சூடேறிவிட்டதென்று
ஓரத் தண்டவாளத்தில் கழற்றி விட்டிருந்தார்கள்
எண்ணெய்த் தொட்டி வண்டி ஒன்றை.
எண்ணைக் குறித்துக்கொள்வது என் வேலை.
அக்மாரல், இரவுப் பணி. பென்சில்தான்.
பேனா இங்கே உறைந்துவிடும்.

73939133

ஏழில் தொடங்கினால் தொட்டி வண்டி.
எட்டாவது இலக்கம் காவலுக்கு:
முன்னுள்ள ஏழில் ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து
இலக்கம் இலக்கமாய்க் கூட்டினால் முப்பத்தாறு,
நாற்பதுக்கு நான்கு குறைகிறது.
அந்த நான்குதான் கடைசியில் நிற்க வேண்டும்.
நின்றதோ மூன்று.

முழங்கால் பனியில் மறுபக்கம் சுற்றிப் போனேன்.
அங்கே ஒழுங்காக நான்கு.
ஆக, தெற்கிலிருந்து பார்த்தால்
ஆறு பேர் பங்கு போட்டாலும் மீதி விழாத எண்.
வடக்கிலிருந்து?
இரண்டு நுழையவில்லை. மூன்று நுழையவில்லை.
ஏழு, பதினொன்று, பதின்மூன்று,
விரல் மரத்தது. உள்ளே வந்தேன்.

அப்போதே படிவம் எழுதியிருக்க வேண்டும்.
எழுதவில்லை.
மூன்று இரவுகள்
பழைய சரக்குச் சீட்டுகளின் முதுகில் வகுத்துக்கொண்டிருந்தேன்.
அல்மாத்தியில் இரண்டாம் ஆண்டோடு நின்றுபோன படிப்பு
அதுவரை ஒரு ரொட்டிக்கும் உதவியதில்லை.
8597 வரை போனால் போதும்,
அடுத்த பகா எண்ணின் வர்க்கம் இதைத் தாண்டிவிடும்.
ஆயிரத்துச் சொச்சம் வகுத்தல்.
ஒவ்வொன்றின் அடியிலும் ஏதோ ஒரு மீதி,
சில நேரம் வெறும் ஒன்று,
வாசல்வரை வந்து திரும்பியவரின் காலடி போல.

யாருக்கும் பங்கு தராத எண்.
சொல்ல ஆளில்லை. சிக்னல் அறையில் தூங்குகிறார்கள்.

கட்டைவிரலால் தற்செயலாகக் கடைசி மூன்றை மறைத்தேன்.
மிச்சமிருந்த ஏழு இலக்கமும் பகா எண்.
விரலை நகர்த்தினேன். அதுவும்.
இன்னும் நகர்த்தினேன்.
வெட்ட வெட்ட முழுசாகவே இருக்கிறது.
ஆனால் வலப்பக்கம் வளரச் சொன்னால் வளராது:
ஒன்று, மூன்று, ஏழு, ஒன்பது,
எதை ஒட்டினாலும் எங்கோ உடைகிறது.
இதோடு சரி என்று நிற்கும் எண்.
பெயின்டரின் கைத்தவறு அதைச் சரியாக அங்கே நிறுத்தியிருந்தது.

நாலாம் நாள் படிவம் எழுதினேன்.
எர்ஜிகித் வந்தார், பெயின்ட் டப்பாவைக்
கோட்டுக்குள் குழந்தையாய் அணைத்துக்கொண்டு.
"மூணுக்கும் நாலுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?"
சொல்லத் தொடங்கினேன்.
தூரிகை அதற்குள் விறைத்துக்கொண்டிருந்தது.
"பூசுங்கள்" என்றேன்.

விடியுமுன் இழுத்துப் போனார்கள், மேற்கே.
என் ஜன்னலின் வலது சட்டம்
ஈரம் காயாத அந்த நான்கை
முதலில் விழுங்கியது. பிறகு

7393913
739391
73939
7393
739
73
7

பிறகு தொட்டியின் வெறும் கறுப்பு,
கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு, பனி.

"பிழை திருத்தப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதினேன்.
பென்சிலில்.