புருவமத்தி

வால்டிவியாவில் மழை ஒரு செய்தியல்ல.
தகரக் கூரையில் அது விழும் சத்தத்துக்குள்தான்
முப்பத்தோரு வருடம் கேள்வி கேட்டேன்,
பதிலுக்குக் காத்திருந்தேன்,
வராத பதிலைத் தேதி போட்டு எழுதிவைத்தேன்.

முதல் வருடம் வந்தவன் இசிதோரோ. ஆறு வயது.
அம்மா நோல்பியா ஆற்றோரச் சந்தையில் மீன் அறுப்பவள்.
செதில் ஒட்டிய கையால் அவனை வாசலில் விட்டுவிட்டு
கடல்சிங்கங்கள் குடலுக்குக் கத்துமுன் ஓடிவிடுவாள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு
வளர்ந்த பெண்கள் எல்லோரும் அத்தைதான்.
அவன் மட்டும் சொன்னான்:
"நீங்கள் என் அப்பாவோடு பிறக்கவில்லையே."
எழுதிக்கொண்டேன்: பிடிவாதம் உண்டு.

அப்போது என்னிடம் இருந்தவை
மை காயாத பட்டம்,
ஒரு நிறுத்துக்கடிகாரம்,
டப்பா நிறைய உலர்திராட்சை.
கண்ணைப் பார்த்தால் ஒன்று.
மூன்று வினாடி பார்த்தால் இரண்டு.
சந்தைக்குப் பின்னால் வாய் பிளந்து நிற்கும் விலங்குக்கு
மீன்தலை எறிவதும் இதே கணக்குதான் என்று
அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஏழாம் மாதம் பார்த்தான்.
நேராக, இமைக்காமல், பத்து வினாடி.
நோல்பியா அழுதாள்.
எனக்கு ஜன்னல் வைத்த அறை கொடுத்தார்கள்.
சாந்தியாகோவில் ஒரு மாநாட்டுத் திரையில்
அவன் ஒரு கோடாக மேலே ஏறினான்.
கைதட்டினார்கள்.

பிறகு எத்தனையோ பேர்.
மேசைக்கடியிலிருந்து வெளியே வராத அன்தோனெல்லா.
இழுத்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன்,
கடைசியில் நானும் உள்ளே போனேன்.
குழல்விளக்கின் ரீங்காரம் அங்கே பாதிதான்.
விளக்கை மாற்றக் கடிதம் எழுதினேன்.
மாற்றப் பதினோரு மாதம் ஆயிற்று;
பதினோரு மாதமும் பாடம் மேசைக்கடியில்.
இன்றும் முழங்கால் வலிக்கிறது.

இந்த வேலை உனக்கு ஏன் வேண்டும் என்று
நேர்காணலில் கேட்டவர்களிடம்
"சம்பளத்துக்கு" என்று சொல்லிவிட்டு
வெளியே அனுப்பப்பட்ட பெலிசார்தோ.
பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும்படி என்னைக் கேட்டான்.
இரண்டு வாரம் கற்றுக்கொடுத்தேன்.
அதையும் எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும்.

திராட்சை டப்பாவை எப்போது நிறுத்தினேன்?
ஒரே நாளில் கண் திறந்தது என்றால்
கதை நன்றாக இருக்கும்.
அப்படி நடக்கவில்லை.
ஒரு வருடம் வாங்க மறந்தேன்.
மறு வருடம் மறந்ததுபோல் இருந்தேன்.

போன ஜூலையில் இசிதோரோ வந்தான்.
காதோரம் நரை. நியேப்லா படகுத்துறையில் வேலை.
இரவு முறை மட்டும் வேண்டும், அதற்கொரு சான்று.
நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு
மழையைப் பார்த்து உட்கார்ந்தான்.
"என்னைப் பார்க்க வேண்டியதில்லை" என்றேன்.
"தெரியும்" என்றான்.

கையெழுத்துப் போடும்போது ஒருமுறை திரும்பினான்.
"உங்கள் கண்களை நான் பார்த்ததே இல்லை.
புருவங்களுக்கு நடுவே ஒரு மச்சம். அதைத்தான் பார்த்தேன்.
அப்போது வட்டம். இரண்டு மில்லிமீட்டர்.
இப்போது இடது ஓரம் கலைந்திருக்கிறது.
நிறமும் ஒன்றாக இல்லை. காட்டுங்கள்."

தாளை நான்காக மடித்துக்கொண்டு போனான்.
போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

அறுத்தெடுத்து, சோதித்து, நான்கு தையல்.
"நல்ல சமயத்தில் வந்தீர்கள்.
யார் கவனித்தது?" என்றார் மருத்துவர்.
வீட்டில் கண்ணாடி இருக்கிறது.
இருபத்தாறு வருடமாக எதிரில் உட்கார்ந்து
சூப் குடிக்கும் கணவர் இருக்கிறார்.
நான் சொன்னேன்: "ஒரு பையன்.
கண் பார்த்துப் பேசமாட்டான்."

அவன் கோப்பு இன்னும் அலமாரியில்.
ஏழாம் மாதத்துக்கு எதிரே என் கையெழுத்தில்
'இலக்கு எட்டப்பட்டது'.
அடிக்கப் பேனா எடுத்தேன்.
அடிக்கவில்லை; அது பொய்யாகவே இருக்கட்டும், என் பெயரோடு.

நேற்று இரவு கொர்ராலுக்குக் கடைசிப் படகு.
கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு துறையில் நின்றான்.
கை அசைத்தேன்.
அவன் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் ஏறி உட்கார்ந்தேன்.