உடைந்த பூட்டு

முன்பு எல்லாமே பெர்க்மான்ஸ்தான்.
ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகக்கூடாதென்று எழுதியவர்,
கிளீட்டஸின் வள்ளம் போனதைப் பிடித்தவர்,
பத்தாயிரம் என்று தீர்ப்புச் சொன்னவர்,
எஞ்சினைக் கழற்றித் தன் முற்றத்தில் வைத்துத்
தார்ப்பாய் போட்டவர்.
கெட்டவரில்லை, அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.
சங்கத்துக்கு மனை தந்ததும் அவர்தான்.
பிறகொரு ஞாயிறு அவர் மச்சினன் வள்ளம்
சாளை நிரம்பிக் கரை அணைந்தது.
அன்று தார்ப்பாய்க்கு வேலை வரவில்லை.

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே எங்கள் துறை.
நான் ஜெசிந்தா, ஐஸ் கம்பெனியில் கணக்கு.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
குறிப்பெழுதக் கூப்பிட்டார்கள்.

பள்ளிக்கூட ஹாலில் பொதுக்குழு.
கப்பல் வேலைக்குப் போய்வந்த தார்சியூஸ் எழுந்தான்.
பிலடெல்பியாவில் நாலு நாள் நின்றபோது
ஒரு செங்கல் கட்டடம் பார்த்தானாம்.
ராஜாவை விரட்டிவிட்ட ஆட்கள்
ஜன்னல்களை இறுக்கிச் சாத்திக்கொண்டு
கோடை முழுக்க வியர்வையில் வழக்காடிய இடம்.
காலியான நாற்காலியில்
நம்மில் ஒருத்தனே ஏறிக்கொண்டால்?
"அதுக்காக்கும் மூணாப் பிரிச்சது.
விதி போடுறவன் ஒருத்தன், நடத்துறவன் ஒருத்தன்,
தீர்ப்புச் சொல்லுறவன் வேற ஒருத்தன்.
ஒருத்தன் ஆழத்துக்கு எறங்குனா
அவன் இடுப்புக் கயிறு மத்தவன் கையில கெடக்கும்."

வாசலில் கூடையோடு நின்ற எமிலியாள் கேட்டாள்:
"ஜன்னல் சாத்துன அந்த அறைக்குள்ள
மீன் விக்கிறவ எவளாவது உண்டா?"
தார்சியூஸ் தலையைச் சொறிந்தான்.
பெண்ணே இல்லை. அடிமைகளும் இல்லை.
அடிமைகளில் ஐந்து பேரை மூன்று பேராக
எண்ணினார்கள் என்றும் அவனே சொன்னான்,
குரல் தாழ்ந்துபோய்.
"அப்போ பாத்து எழுதாத பிள்ளே.
அவனுவ விட்டதையும் சேத்து எழுது."
'ஓர் உறுப்பினர் கூறியது' என்று எழுதினேன்.
அவள் உறுப்பினர் இல்லை.
அந்த வரி உண்மையாவதற்கு
மூன்று கூட்டம் பிடித்தது.

விதி போட இருபது பேர், ஏழு பேர் பெண்கள்.
நடத்த, பெர்க்மான்ஸ்.
விசாரிக்க, சொந்த வள்ளமில்லாத ஐந்து பேர்.
பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு.
எஞ்சின் கிளீட்டஸுக்குத் திரும்பிப் போனது,
உப்புப் பூத்து.

ஆனி மாதத்து ராத்திரி.
கிளீட்டஸின் வள்ளம் வரவில்லை.
தேடிப்போகிற படகுக்கு டீசல் வேண்டும்,
பணம் பெட்டிக்குள்.
இரண்டு சாவி ஓடி வந்தன.
மூன்றாவது
கிளீட்டஸின் அரைஞாணில், கடலுக்குள்.

பெர்க்மான்ஸ் யாரையும் கேட்கவில்லை.
சுத்தியலால் நாலு அடி.

விடியும்போது கண்டுபிடித்தார்கள்,
எஞ்சின் செத்து, ஒழுக்கில் மிதந்துகொண்டிருந்தவர்களை.
கரையில் பெர்க்மான்ஸைத் தோளில் தூக்கினார்கள்.
மறுவாரம் ஐந்து பேரும் அவரை விசாரணைக்கு அழைத்தார்கள்.
அழைப்பை எழுதிய என்னை ஊர் ஏசியது:
"உயிரைக் காத்தவனுக்கா விசாரணை?"

வந்தார். உட்காரவில்லை.
"உடைச்சேன். இன்னொரு வட்டமும் உடைப்பேன்.
ஆனா இஞ்ச வந்து சொல்லுவேன்."
அபராதம், பூட்டின் விலை: முந்நூற்று நாற்பது.
கிளீட்டஸ் பாக்கெட்டில் கைவிட்டான்.
அடுத்தவர் கட்ட விதியில்லை.
பெர்க்மான்ஸ் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார்.
மீதி பத்து ரூபாயைக்
கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆபத்துக் காலத்தில் தலைவர் பூட்டை உடைக்கலாம்
என்று விதியில் சேர்க்கச் சொன்னார்கள்.
கைகள் உயர்ந்தன.
எமிலியாள் மட்டும்:
"ஆபத்து வந்தாச்சுன்னு ஆரு சொல்லுவா?"
உயர்ந்த கைகள் என்ன செய்வதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றன.

'ஒத்திவைக்கப்பட்டது.'
இன்றுவரை அப்படியேதான்.

புதுப் பூட்டு வாங்கியாயிற்று.
பழையதை நான் எறியவில்லை.
கடல்காற்றில் தீர்மானப் புத்தகம்
தானாகப் புரளாமலிருக்க
அதைத்தான் மேலே வைக்கிறேன்.