பம்பில் தங்கிய தண்ணீர்

அக்டோபர் கடைசியில் ஓரெஸ்ட் வந்து கேட்டான்.
மாட்டுக் கொட்டகையைக் கழுவ வேண்டுமாம்,
இரண்டே நாளாம்.

கொடுத்தேன்.
டேங்க் நிறைய பெட்ரோல் ஊற்றி,
ஐந்து நாசில்களையும் அதனதன் துளையில் செருகி,
சிவப்பை மட்டும் தொடாதே என்று சொல்லி.
சிவப்பில் வருவது தண்ணீர் இல்லை, ஊசி.
பலகையை உரிக்கும். பூட்ஸைத் துளைக்கும்.
பூட்ஸுக்குள் இருப்பதைப் பற்றிப்
பேசாமல் இருப்போம்.

சொல்லாமல் விட்டது ஒன்று:
வேலை முடிந்தால் பம்பை வடித்து வை.
மனிடோபாவில் பிறந்து மனிடோபாவில் நரைத்தவனிடம்
பனியைப் பற்றி யார் பாடம் எடுப்பார்கள்?

இரண்டு நாள் இருபது நாளாயிற்று.
ஒரு காலை என் ஷெட் வாசலில் நின்றது,
துடைத்து, ஹோஸைச் சுருட்டி,
கைப்பிடியில் ஒரு டஜன் முட்டை தொங்க.
மைனஸ் பத்தொன்பது அன்றைக்கு.

ஏப்ரலில்தான் இழுத்துப் பார்த்தேன்.
சோக் போட்டுக் கயிற்றை இழுக்க
ஏழாவதில் இருமியது,
பதினொன்றில் நான் ஏதோ சொன்னேன்,
நாய் எழுந்து போய்விட்டது,
பதினான்கில் பிடித்தது.
ஊசிப்போன பெட்ரோலின் நாற்றத்தோடு
ஷெட்டே அதிர,
விசையை அழுத்தினால்
நாசிலில் சொட்டு,
பம்பின் விலாவில் பீச்சல்.
பித்தளையில் மயிரிழை போல் ஒரு விரிசல்.
ஒரு கை தண்ணீர் இருந்திருக்கும் உள்ளே.
அதற்கு அது போதும்.

நான் சத்தம் போடவில்லை.
இங்கே சரளை ரோட்டில் எதிர்ப்படும் வண்டிக்கு
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம்.
தெரிந்தவர், தெரியாதவர், கடன்காரர், எல்லாருக்கும்.
மே முழுக்க அவன் விரல் எழுந்தது.
என் விரல் எழவில்லை.
இரண்டு பக்கமும் கனோலா வயல்,
நடுவில் என் பத்து விரல்களும்
ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி.

ஜூனில் ஒரு பெட்டியோடு வந்தான்.
புதுப் பம்ப்.
இரண்டு கன்றை விற்ற காசு என்று அவன் சொல்லவில்லை,
லெசியா பிறகு சொன்னாள்.
நாலு போல்ட். துருவேறிய சாவி ஒன்று, சுத்தியல்.
ஸ்பானரை நீட்டுவதும் வாங்குவதுமாக
ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தோம்.

முதல் இழுப்பிலேயே பிடித்தது.
பச்சை நாசிலை மாட்டி
ஷெட் முன்னால் கான்கிரீட்டில் ஒரு கோடு ஓட்டினான்.
அவ்வளவு வெள்ளை.
அதுவரை தரை என்றிருந்தது
அந்த நொடியில் அழுக்கு என்றாயிற்று.
இனி நிறுத்த முடியாது,
இந்த இயந்திரத்தை வாங்கிய எல்லாருக்கும் தெரியும்.
அவன் கொஞ்சம், நான் கொஞ்சம்,
டிராக்டர், படிக்கட்டு, தபால் பெட்டி,
அஞ்சி ஓடாத ஒரு கோழி,
கிணறு செம்மண்ணைக் கக்கும் வரை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
இல்லை, அப்போது வரவில்லை.
ஏப்ரலிலிருந்தே இருந்தது.
அவன் கேட்க வந்ததற்கு முந்தின வாரம்,
ஒரு ராத்திரி, மைனஸ் ஆறு,
நான் அதை முற்றத்திலேயே விட்டிருந்தேன், வடிக்காமல்.
காலையில் வெயிலில் வைத்தேன். ஓடியது.
விலாவில் ஒரு சின்னக் கசிவு.
ஓ-ரிங் தேய்ந்திருக்கும் என்று
கட்டைவிரலால் துடைத்துவிட்டேன்.

ஓரெஸ்ட் எஞ்சினை அணைத்தான்.
இருபத்தெட்டு டிகிரி, கொசு, புல் வாசனை.
அவன் ஹோஸைக் கழற்றினான்,
இயந்திரத்தைச் சாய்த்தான்,
கயிற்றை இருமுறை மெல்ல இழுத்து
கடைசிச் சொட்டும் விழும் வரை காத்திருந்தான்.
பிறகு காரிலிருந்து இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸை எடுத்து வந்து
பம்புக்குள் ஊற்றினான்,
ஜூன் மாதத்தில்,
என்னைப் பார்த்துக்கொண்டே.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.
முட்டை இருக்கிறதா என்று கேட்டேன்.