ஒன்று புள்ளி ஒன்று ஐந்து

லேவார்டனில் பாலத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.
கைப்பிடியின் பழைய நிறம் என்னவென்று
ஒப்பந்தக்காரர் கேட்கிறார்.
ஆறு அடுக்குச் சாயத்தைச் சுரண்டிவிட்டு
ஆளுக்கொரு பச்சை சொல்கிறார்கள்.

அலமாரியில் ஒரு குறுந்தகடு.
மேலே பேனாவில்: ஹில்கே, 1999.
உள்ளே ஒரே ஒரு கோப்பு.

சொடுக்கினேன்.
பிரவுசர் திறக்கவில்லை, மறுக்கவுமில்லை.
வாசலிலேயே வாங்கி
டவுன்லோடில் போட்டுவிட்டு
வேறென்ன என்பதுபோல் நின்றது.
இதற்கென்று ஒரு பிளக்-இன் இருந்ததாம் அப்போது.

"வெறும் எழுத்துதான் வீட்ஸ்கே, நோட்பேடில் திற"
என்றான் சியூர்ட்.

பாலம் எண்களாய்க் கிடந்தது.
தூண், படி, விளக்கு, தூண்.
நாற்பதாவது பக்கத்தில் அகப்பட்டது நிறம்:
புள்ளி ஒன்று, புள்ளி மூன்று எட்டு, புள்ளி இரண்டு நான்கு.
அனுப்பிவிட்டேன்.
வேலை முடிந்திருக்க வேண்டும்.

அதற்கடுத்த வரி,
கணினி தாண்டிப் போகட்டுமென்று
முன்னால் குறியிட்ட வரி:
"மூன்றாம் விளக்கு எரிவதில்லை. எரியவைக்காதே."

யாரிடம் சொல்கிறார்?

சாயங்காலம் மாற்றிக் கொடுக்கும் நிரல் ஒன்றைத் தேடிப்பிடித்து
இன்றைய பிரவுசரில் அந்தப் பாலத்தை எழுப்பினேன்.
எழுந்தது,
அட்டைப்பெட்டி மடித்ததுபோல் மூலை மூலையாய்.
மூன்றாம் விளக்கு இருட்டு.
எல்லாம் சரி, கால்வாயைத்தான் காணோம்.
எந்தப் பக்கம் திரும்பினாலும் கைப்பிடிப் பலகை.

மாற்றும்போது கெட்டிருக்கும் என்று
ஒரு மணி நேரம் குடைந்தேன்.
எதுவும் கெடவில்லை.
பார்க்கும் கண்ணின் உயரம் கேட்கும் இடத்தில்
ஒன்று புள்ளி ஆறு என்று எழுதுவது வழக்கம்.
ஹில்கே எழுதியிருந்தது
ஒன்று புள்ளி ஒன்று ஐந்து.

"சின்னப் பையனா அவர்?"

காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான் சியூர்ட்.
"லிஃப்ட் வருவதற்கு முந்தைய ஆள்.
கீழ்த்தளத்தில்தான் மேசை.
நாற்காலி அவருடையது,
சக்கரம் வைத்தது."

காலையில் பட்டறைக்குப் போனேன்.
புதுக் கைப்பிடியின் மாதிரி ஒன்று
சுவரோரம் நட்டிருந்தது.
சாய டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன்.
அளவு நாடாவில் என் கண்
ஒன்று புள்ளி ஒன்று இரண்டு.
நேரே முன்னால் பலகை.
பச்சை அருமையாக வந்திருந்தது.
அதைத் தவிர எதுவும் தெரியவில்லை.

ஒப்பந்தக்காரருக்கு இரண்டாவது மின்னஞ்சல்:
நிறம் சரி.
பலகையை மட்டும் மாட்டவேண்டாம், பேச வேண்டும்.

படம் எதுவும் இணைக்கவில்லை.
வரும்போது உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன்.