ஏழும் ரெண்டும்

பழவூருக்கு மேற்கே காத்தாடி ஆபீஸ்.
ஆடி மாசம், ராத்திரி ரெண்டு மணி.
தகரக் கதவுக்கு முட்டுக்கொடுத்த
கியர் ஆயில் டப்பாவை
நகர்த்திப் பார்க்கிறது
ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து வந்த காற்று.

நாங்கள் நாலு பேர்.
காசுக்குப் பதில் நட்டு.
பத்து எம்.எம். என்றால் பத்து ரூபாய்,
பதினாறு என்றால் ஐம்பது,
டவர் போல்ட்டின் நட்டு ஐந்நூறு.
அது விழுந்தால் மேஜையே திரும்பிப் பார்க்கும்.

கப்பலில் இருந்தபோது கற்றுவந்த ஆட்டம் என்று
உவரி கஸ்பார்தான் இதை இங்கே இறக்கினான்.
கைக்கு ரெண்டு சீட்டு, நடுவில் அஞ்சு,
மிச்சமெல்லாம் எதிராளி மூஞ்சியில் என்பான்.

எனக்கு ஒரு ராஜா விழுந்தது.
அடுத்ததை ஓரம் தூக்கிப் பார்த்தேன்.
அதுவும் ராஜா.
ஆட்டின் ஒன்று, டைமன் ஒன்று.
மூணு மாசமாக எனக்கு வந்ததெல்லாம்
ஜாக்கியும் மூணும், ஒன்பதும் நாலும்.
கல் பொறுக்கித் தின்ற கை.
காது சூடாவது எனக்கே தெரிந்தது.

பெரிய நட்டு ஒன்றைத் தள்ளினேன்.
ஆவுடையப்பன் மடக்கினான்.
கஸ்பார் மடக்கிவிட்டு முறுக்கு தின்றான்.
"இருக்கேன்" என்றான் பேச்சிமுத்து.

நடுவில் மூன்று சீட்டு திறந்தது.
ஆசு, ஒன்பது, நாலு.
மூன்றும் இஸ்பேடு.
அமாவாசைக்குப் பனங்காட்டைப் பார்த்த மாதிரி.

பேச்சிமுத்துவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.
பொய்க்கு வைத்தால்
வள்ளியூர் கடைசி பஸ் பற்றிப் பேசுவான்.
நூறு ரூபாய் தாண்டினால்
தாகமே இல்லாமல் டீயை எடுத்து உறிஞ்சுவான்.
எண்பது மீட்டர் ஏறி
உச்சியில் கொக்கி மாட்டுகிற நேரம் மட்டும்
அவன் வாயில் ஒரு சொல் இருக்காது.

அந்த வாயோடுதான்
நாலு பெரிய நட்டை
எண்ணாமல் நடுவுக்கு நகர்த்தினான்.

"என்னடே, வாரியா இல்லியா?"
இது கஸ்பார்.

சீட்டைத் திரும்பப் பார்த்தேன்.
ராஜாக்களுக்கு ஒன்றும் தெரியாது.
மீசை கலையாமல் அப்படியே இருந்தார்கள்.
அவர்களுக்காக நான் வைத்த ஐந்நூறு
என்னுடையது என்றது மனசு.
நடுவில் கிடந்த நட்டில்
யார் பெயரும் எழுதியிருக்கவில்லை.

நாங்குநேரி விலக்கில் ஒரு பிளாட்.
பத்திரத்தில் வில்லங்கம் என்று தெரிந்த பிறகும்
கொடுத்த அட்வான்ஸைக் காப்பாற்ற
மூன்று தவணை கட்டியவன் நான்.
இப்போது அங்கே
வேறு யாருடைய ஆடோ மேய்கிறது.

கவிழ்த்தேன்.

அப்புறம்தான் அலாரம் அடித்தது.
பதினேழாம் மெஷின்.
காற்று செகண்டுக்கு இருபத்தைந்து மீட்டரைத் தாண்டியதும்
இறக்கைகளைத் திருப்பி
விளிம்பைக் காட்டி நின்றுவிட்டது.
வருஷம் முழுக்க எந்தக் காற்றுக்குக் காத்திருந்ததோ
அந்தக் காற்றில்.
அதைப் பார்த்துத்தான் மடக்கினேன் என்று சொன்னால்
கதை அழகாக இருக்கும்.
இல்லை. முதலில் நான்,
பிறகு பதினேழு.
அது ஏன் நின்றது என்று யாரும் கேட்க மாட்டார்கள்,
பதிவேட்டில் ஒரு வரி போதும்.
என்னை ஆவுடையப்பன் கேட்டான்.

"என்னத்தடே வச்சிருந்த?"

ராஜா ஜோடி என்றால்
ஒன்று நம்ப மாட்டான்,
அல்லது நம்பிவிட்டு
தை மாசம் வரைக்கும் சிரிப்பான்.
"ஏழும் ரெண்டும்" என்றேன்.
"சவம், அதுக்கா இம்புட்டு யோசன?"

பேச்சிமுத்து தன் ரெண்டு சீட்டையும் காட்டவில்லை.
கட்டோடு சேர்த்துக் கலக்கினான்.
கலக்கும்போது
கடைசி பஸ் இப்பல்லாம் பத்தரைக்கே போயிருதுல்லா
என்று ஆரம்பித்தான்.
வயிற்றில் ஏதோ நழுவியது எனக்கு.

நாலரைக்குக் காற்று இறங்கி
பதினேழு தானாகச் சுற்ற ஆரம்பித்தது.
டம்ளர்களைக் கழுவ எடுத்தேன்.
அவனுடையதில்
டீ தொடாமல் இருந்தது,
மேலே ஆடை கட்டி.