இடது மேக்னெட்டோ

அங் மோ கியோ வீட்டை விற்றாயிற்று.
விமானத்தைத்தான் விற்க மனம் வரவில்லை.
ஆளுக்குப் பாதியாய்
சிலேத்தார் கொட்டகையில் நிற்கிறது.

ஐந்நூறு மணி நேரம் ஓடிவிட்டது,
மேக்னெட்டோ இரண்டையும் கழற்றணும் என்கிறார் ரோஸ்லி.
இரண்டும் மின்னணுவாகட்டும் என்கிறான் குமணன்.
தொட்டதும் கிளம்பும்,
மணிக்கு மூன்று லிட்டர் மிச்சம்.
கைப்பேசியில் கணக்கைக் காட்டுகிறான்.
கணக்கு சரிதான்.
அவன் கணக்கு எப்போதும் சரிதான்.

எனக்குத் தியோமான் நினைவு.
கடலுக்கு மேலே ஆல்டர்னேட்டர் செத்து
ரேடியோ அடங்கி
திரைகள் ஒவ்வொன்றாய்க் கருத்தபிறகும்
எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
யாரிடமும் மின்சாரம் கேட்காத காந்தம்,
சுற்றும்வரை பொறி.

அதற்கொரு குணமுண்டு.
சாவியைத் திருப்பினால் அது தூங்குவதில்லை;
தரைக்கம்பி ஒன்று வாயைப் பொத்துகிறது, அவ்வளவே.
கம்பி அறுந்திருந்தால்
நிற்கும் விசிறியைக் கையால் தள்ளினாலும் சீறும்.
"உன்னை மாதிரி" என்று
முன்பென்றால் சொல்லியிருப்பான்.

வெளியே மின்னல் எச்சரிக்கை விளக்கு.
ரோஸ்லி கோப்பியை உறிஞ்சி,
"இடதுக்குப் பழசு, வலதுக்குப் புதுசு,
நிறையப் பேர் அப்படித்தான்" என்றார்.
ரசீது யார் பெயரில் என்பதற்கு
அதைவிட நேரமானது.

மூன்று வாரம் கழித்துத்
தரையில் ஓட்டிச் சோதித்தோம்.
வலதை அணைத்தேன்: சுற்று நூற்றுப் பத்து இறங்கியது.
இடதை அணைத்தேன்:
முள் அசையவே இல்லை.

குமணன் எதுவும் சொல்லவில்லை,
சன்னல் பக்கம் பார்த்திருந்தான்.
இரண்டு எண்ணையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு
இடதைத் திரும்பப் போட்டேன்.